காய்கறி வண்டியோடு க்ரீக்கைக் கடந்த சனிக்கிழமை

இன்று, ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, அப்பாவும் அம்மாவும் நானும் பழைய துபாயை நடந்தே சுற்றினோம். மொத்தம் ஏழரை கிலோமீட்டர். காரை எடுக்கவில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராக நடந்து, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதும் ஒரு தம்பதியின் வலைப்பதிவை அப்பா இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிகாகோவையே நடந்து பார்க்கிறார்கள், நாம் பன்னிரண்டு வருடமாக இங்கே இருந்தும் க்ரீக் பக்கம் நடந்ததில்லை என்று அம்மா சொன்னதும் நாள் குறிக்கப்பட்டது.

அது வெளியே சொன்ன காரணம். எனக்குத் தெரிந்திருந்தது வேறு. பத்து நாளைக்கு முன் சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "மார்ச்சோட கேன்சல் பண்ணிருவோம். வேற வழியில்ல." இங்கே 'கேன்சல்' என்று மொட்டையாகச் சொன்னால் அது விசாதான். ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போவது. நான் ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்ப்பதும் பெரும்பாலும் இந்த வகுப்பு முடிந்துதான். போன வருடம் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர் அப்படிப் போனார்கள். போவதற்கு முன் இருவரையும் பெற்றோர் அதுவரை கூட்டிப்போகாத இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள்.

அதனால் இந்த நடை எதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் உறுதியாகிவிடும் என்று பயம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் என் பேட்மின்டன் மட்டையை வகுப்புத் தோழி ரிஃபாவிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

(ஒன்பது மணிக்கு மேல் ஃபோனைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். இதைப் போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். இந்த வலைப்பதிவு இருப்பதே வீட்டில் தெரியாது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் வீடு ஷார்ஜாவில். காலை 7.40க்கு அங்கே ஜுபைல் பேருந்து நிலையத்தில் துபாய் யூனியன் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். ஆளுக்கு 12 திர்ஹாம். சனிக்கிழமை என்பதால் ஐம்பத்தைந்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டது. அப்பா அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். வேலை நாளில் இதே சாலையின் நெரிசலில் காரில் இரண்டு மணி நேரம் உட்காருவார். அம்மா கராமாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவரை வழியில் இறக்கிவிடுவதும் அப்பாதான்.

யூனியனிலிருந்து, துபாயை இரண்டாகப் பிரிக்கும் கடற்கழியான க்ரீக்கின் கரைக்குப் பன்னிரண்டு நிமிடம். கரை ஓரமாகவே நடக்கலாம், வெயில் முதுகில்தான் விழும். மரக்கப்பல்களில் ஏற்றுவதற்காக ஃபிரிட்ஜ், டயர், வெங்காய மூட்டை எல்லாம் நடைபாதையிலேயே அடுக்கியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் முன்னால் போனார்கள். ரோட்டைத் தாண்டும்போது அம்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் இதற்குமுன் அதைப் பார்த்ததில்லை. அப்பா வேகமாகப் போனதற்கு அம்மா கேட்டார்: "கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன். பின்னால உங்க சூப்பர்வைசரா வாராரு?"

இருவரும் சிரித்தார்கள். கடைசியாக ஒருமுறை என்பதால்தான் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முர்ஷித் பஜாருக்கு வந்தபோது மணி 9.50. தெரு முழுக்கப் பெட்டிக் கடைகள், பயணப் பெட்டிகளைச் சொல்கிறேன். அப்பா ஒரு கடை முன்னால் நின்றார். இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தூக்கி, கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைக்காரர் பெஷாவர்க்காரர். முப்பது கிலோ தாங்கும் பாய், ஊருக்கா என்று ஹிந்தியில் கேட்டார்.

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பின்னாலிருந்து இரண்டு சக்கரம் வைத்த ஒரு துணிப்பையை இழுத்தார். காய்கறி வாங்கி இழுத்து வருவார்களே, அந்தப் பை வண்டி. பெட்டியின் சக்கரத்தோடு அதன் சக்கரத்தை ஒப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். கடைப் படியில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். கைப்பிடி தன் உயரத்துக்குச் சரியா என்று அம்மா பிடித்துப் பார்த்தார். 45 சொன்னது 35க்கு வந்தது.

நான் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி வாங்குவார்கள், கம்பளி வாங்குவார்கள், தைலம் வாங்குவார்கள். காய்கறி வண்டி வாங்க மாட்டார்கள்.

சப்கா படகுத்துறையில் அப்ரா என்கிற மோட்டார் படகில் ஏறினோம். ஆளுக்கு ஒரு திர்ஹாம், வண்டிக்குக் கட்டணம் இல்லை. "யல்லா, யல்லா, அந்தர்" என்று படகோட்டி எங்களை அவசரப்படுத்தி உள்ளே தள்ளி நெருக்கி உட்காரவைத்தார். என்ஜின் சத்தம் காதை அடைத்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு வாய் வந்தது. எப்போது கேன்சல் என்று கேட்டேன். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"எதட்டி?" என்றார் அம்மா.

"நம்ம விசா. மார்ச்சுல. கிச்சன்ல பேசினீங்களே."

அம்மா அப்பா பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "கேட்டீங்களா? பிள்ள பத்து நாளா நம்மள கேன்சல் பண்ணி வச்சிருக்கா."

"காரு மக்ளே," என்றார் அப்பா. "மார்ச்சுல முல்கியா முடியுது. புதுப்பிக்காம அத கேன்சல் பண்ணி, காரக் கொடுத்திருவோம்னு சொன்னேன்."

முல்கியா என்றால் காரின் பதிவு அட்டை. ஆனால் நான் பயந்தது முழுக்கப் பொய்யும் இல்லை. ஷார்ஜா வீட்டு வாடகை ஏறுகிறது என்றார் அப்பா. வீட்டையும் காரையும் விட்டுவிட்டு கராமாவில் ஒற்றை அறைக்கு மாறுவது ஒரு வழி. அம்மாவும் நானும் நாகர்கோவிலுக்குப் போவது இன்னொரு வழி. இரண்டாவதைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் நடப்பேன், இவளும் நடப்பா," என்ற அம்மா அப்பாவைக் காட்டினார். "கார விட்டு இறங்காத மனுசன் நடப்பாரான்னு பாக்கத்தான் இன்னைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

அப்ராவிலிருந்து தெரியும் காட்சியை எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை. டீசல் புகை என்று சொல்லிவிட்டேன். அக்கரைக்கு ஏழு நிமிடம்.

பர் துபாய் துணிக்கடைத் தெரு வழியாகக் கராமாவுக்கு நாற்பத்தைந்து நிமிடம். அதில் அப்பா மூன்று முறை உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் எனக்கு நாகர்கோவில் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் நடக்கிறவர் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறாரா என்று அம்மா கேட்டதற்கு, "அங்க பெஞ்சு இருக்காதாயிருக்கும்" என்றார் அப்பா.

கராமாவில் 14 திர்ஹாம் சாப்பாடு, இரண்டாவது தடவை சாம்பார் தாராளம். பிறகு, அப்பா விசாரித்து வைத்திருந்த கட்டடத்தின் வாட்ச்மேன் அந்த ஒற்றை அறையைத் திறந்து காட்டினார். நான்காம் மாடி, ஒரே அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஜன்னலுக்கு எதிரே வேறொரு ஜன்னல். அப்பா ஃபோனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட, மூவரும் நடந்து பார்த்தோம். வாசலிலிருந்து அம்மாவின் கிளினிக்குக்கு ஒன்பது நிமிடம். மெட்ரோவுக்குப் பதின்மூன்று. கடைசியாக, ஊத் மேத்தாவில் இருக்கும் என் பள்ளிக்கு. இரண்டு சிக்னல், நிழல் பாதி வழிக்கு மட்டும். பூட்டிய பள்ளி கேட்டுக்கு முன்னால் அப்பா நின்று கழுத்தைத் துடைத்தார். காலி வண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். இந்த முறை உட்காரவில்லை.

"இருபத்தி நாலு நிமிசம்லா," என்றார். "நடக்கலாம். வாட்ச்மேன்கிட்ட இன்னைக்கே சொல்லிருவோம்."

இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். (நாங்கள் ஜூன் வெயிலிலும் நடக்க வேண்டும். ஜூனைப் பற்றி இப்போது யோசிக்கப்போவதில்லை.) அப்ராவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையங்கள்தான் நல்லது. புதுச் செருப்பு வேண்டாம். திரும்பி வந்த மெட்ரோ, பஸ் எல்லாம் சேர்த்து மூவருக்கும் 132 திர்ஹாம் ஆனது, வண்டி தவிர. அப்பாக்களோடு போனால் பெஞ்சு இருக்கும் வழியாகப் போங்கள்.

ஒற்றை அறையில் இப்படி ஒளிந்து எழுத இடம் இருக்காது. கழிவறையில்தான் எழுத வேண்டும்போல. பரவாயில்லை. பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, இன்றைக்குத் தூங்கிவிடுவேன். ஒன்று மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை ரிஃபாவிடம் மட்டையைத் திருப்பிக் கேட்க வேண்டும். எதற்குக் கொடுத்தாய் என்று கேட்பாள்.