வயிறு என்று எழுதினேன்

போன செவ்வாய்க்கிழமை ஐயம்பேட்டை போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், மாசி மாசம் வயித்து முகாம் போட்டீங்களே, மறுபடி எப்ப சார்? அந்த லேடி டாக்டர் கொடுத்த மாத்திரையில வாயு எல்லாம் கலைஞ்சி போச்சு! நோட்டீசு நீங்கதான் எழுதினீங்களாமே. நல்லா இருக்கணும் சார் நீங்க!"

வந்த பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றேன். வெட்கம்!

ஏன் என்கிறீர்களா? அது பெண்களுக்கான முகாம்.

எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நற்பணிச் சங்கம் உண்டு. பட்டு வியாபாரிகள், இரண்டு வக்கீல்கள், போனால் போகிறதென்று நான். தலைவரைத் தாமோதரன் என்று வைத்துக்கொள்வோம். பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். கழுத்தில் மாலை விழும் ஓசை மட்டும் அவருக்குக் கொஞ்சம் பிடிக்கும். பக்கத்து ஊர்ச் சங்கம் கண் முகாம் நடத்தி, பேப்பரில் போட்டோவும் வந்துவிட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாமும் எதையாவது நடத்தியாக வேண்டும். எதை?

அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து டாக்டர் எஸ்தர் என்ற பெண் மருத்துவரின் கடிதம் வந்தது. 'உங்கள் பக்கத்திலிருந்து சினைப்பையில் புற்றுநோய் கண்ட பெண்கள் என்னிடம் வருகிறார்கள். எல்லோருமே காலம் கடந்துதான் வருகிறார்கள். வயிறு உப்பினால் வாயு என்று இருந்துவிடுகிறார்கள். நானே வந்து பார்க்கிறேன். ஓர் அறை, ஒரு மேஜை, மறைவுக்கு ஒரு திரை. சங்கம் இவ்வளவு செய்தால் போதும்.'

இவ்வளவோடு நின்றால் அது சங்கமா? வசூல் ஆரம்பமானது. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊர்க்காரர்கள் தர்மத்துக்குக் கை விரிக்கிறவர்கள் இல்லை. தங்கள் பெயர் எத்தனையாவது வரியில் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பார்கள்... அவ்வளவுதான். பந்தல் வந்தது. மைக் செட் வந்தது. நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஆள் உயரத்துக்கு வந்தது.

நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு. டாக்டர் எழுதிய வார்த்தையையே போட்டு, கமிட்டியில் படித்துக் காட்டினேன். 'சினைப்பை' என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னா சார் இது?" என்றார் செயலாளர். "கோயில் வாசல்ல கொடுக்கற நோட்டீசுல இதெல்லாம் போட்டா, பொம்பளைங்க படிப்பாங்களே சார்!"

"அவங்க படிக்கத்தானே நோட்டீஸ்?"

"அதுக்காக?"

'கர்ப்பப்பை' என்று இறங்கினேன். கூடாது. 'அடிவயிறு'?

"அடி வேணாம் சார். வெறும் வயிறுன்னு போடுங்க. டீசண்டா இருக்குது."

"'பெண்கள்' என்றாவது போடலாமே..."

"பெண்கள்னு போட்டா எந்த வயிறுன்னு யோசிக்க மாட்டாங்களா?"

கடைசியில் 'இலவச வயிற்று நோய் முகாம்' என்று அச்சானது. கொடுத்தவர்கள் பெயர் கொட்டை எழுத்தில். நோயின் பெயர் கிடையாது! வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கே புத்தி சொல்லும் நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு புரூப் திருத்தினேன்.

முகாம் நாள் காலை. முகாமுக்குப் பிடித்திருந்த சத்திரத்து வாசலில் கூட்டமான கூட்டம். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து அஜீரணம் கண்டவர்கள், கல்யாண விருந்தில் அளவு தெரியாமல் சாப்பிட்டவர்கள், புளித்த ஏப்பக்காரர்கள்... அத்தனை பேரும் ஆண்கள். பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். ஆண்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, அப்படியே கோயிலுக்குப் போகிறவர்கள் போலத் திரும்பி நடந்தார்கள்.

டாக்டர் எஸ்தர் காரைவிட்டு இறங்கினார். "பெண்கள் எங்கே?"

"வருவாங்க டாக்டர். மொதல்ல மாலை" என்றார் செயலாளர்.

பிறகு சொற்பொழிவுகள். தாய்மையைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் மீசை வைத்தவர்கள். எல்லாம் முடிந்தபின் அறைக்குள் போன டாக்டர் உடனே வெளியே வந்தார்.

"திரை எங்கே?"

ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். மறந்துவிட்டோம்! ஊரே துணி நெய்கிறது, எங்களிடம் ஒரு திரைச்சீலை இல்லை.

டாக்டருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தாமோதரனின் மனைவி வந்திருந்தார். சரஸ்வதி அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சபையில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"பக்கத்துத் தெருவுலதானே நம்ம கடை? பொடவையைக் கொண்டாந்து கட்டுங்க."

தாமோதரன் திடுக்கிட்டார். "அது பட்டும்மா!"

"இருக்கட்டுமே. பொம்பளைங்க கட்டிக்கறதுதானே?"

அரக்கும் பச்சையுமாக நான்கு புடவைகள் வந்தன. சரஸ்வதி அம்மாளே ஸ்டூலில் ஏறிக் கட்டினார். இரண்டாவது முடிச்சுப் போடக் கையைத் தூக்கியவர், சட்டென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்.

பெயர் எழுதும் நோட்டோடு நான் வெளியே இருந்தேன். பட்டு கண்ணைத்தான் மறைக்கும்... காதை மறைக்காது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலஞ்சு மாசமா இருக்குதுமா. வயிறு உப்பிக்கினே வருது. ரெண்டு இட்லி தின்னா ரொம்பிடுது."

"வீட்டில் சொல்லலையா?"

"சொன்னேன். சோடா வாங்கியாந்து கொடுத்தார். அப்புறம் இந்த முகாம் வேலையா அலைஞ்சிக்கினு இருந்தாரு... அவரை எங்க புடிக்கறது?"

டாக்டர் மேஜை மேல் படுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் தாமோதரனைத் தனியே கூப்பிட்டார். "இடது பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. நாளைக்கே சென்னைக்கு அழைத்து வாருங்கள்." தாமோதரன் கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

காத்திருந்த ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு சோடா மின்ட் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முகாம் இனிதே நிறைவுற்றது.

ஆபரேஷன் அன்று நானும் சென்னைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தாமோதரன் ஜரிகை விலை ஏறியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டீ கிளாஸை நீட்டினேன். வாங்கிக் குடிக்காமலே பக்கத்தில் வைத்தார். "சோடா வாங்கிக் கொடுத்தேன் சார்" என்றார்.

சாத்துக்குடி அளவுக் கட்டி. புற்றுதான். ஆனால் அந்த ஒரு சினைப்பையைத் தாண்டவில்லை.

"அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். "இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான டெஸ்ட் எதுவும் கிடையாது. அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாங்கள் கையால் பார்க்க வேண்டும். சொல்லக்கூட விடாவிட்டால் என்ன செய்வது?"

என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது.

சரஸ்வதி அம்மாள் தேறி வீடு வந்துவிட்டார். போன மாதம் சங்கக் கூட்டம். வசூலில் மிச்சம் இருப்பதற்குச் சத்திரத்தில் கல்வெட்டு வைக்கலாம் என்றார் செயலாளர்.

"கல்வெட்டு எதுக்குபா?" என்றார் தாமோதரன். "ஒரு நல்ல மேஜை வாங்கு. டாக்டரம்மா மாசம் ஒருதரம் வந்து போக வண்டிக்குக் கொடு. அன்னிக்கு நாம யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது."

இப்போது சரஸ்வதி அம்மாள் நெசவாளர் தெருக்களில் வீடு வீடாகப் போகிறார். சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் நடை. தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "சினைப்பைம்மா... சினைப்பை! கட்டி வந்தா வயிறு உப்பும். சும்மா வாயுன்னு இருந்துடாதீங்க!" என்கிறார். தெருவில் ஒன்றும் இடிந்து விழவில்லை. தறியில் இருக்கும் ஆண்கள் மட்டும் இழை அறுந்ததுபோல் குனிந்துகொள்கிறார்கள். முதல் மாதமே பெண்கள் வரிசை சத்திரத்து வாசலைத் தாண்டிவிட்டதாம். நானா? நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"இதைப் பத்தி எழுதலாமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எழுதுங்க. எங்க பேரை மட்டும் மாத்திடுங்க. வியாதி பேரை மாத்தாதீங்க."

எழுதி முடித்த கையோடு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் மனைவியிடம், "உன் உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் பதறி ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க... உங்களுக்கு இன்னா ஆச்சு?"