துன்னூறும் டபுள் சிக்னலும்

சிவப்பு விளக்கில் வண்டி நின்றாலும் புஷ்பவள்ளியின் இடது கை நிற்காது. விரல் முட்டியால் டேஷ்போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே போகும். எங்கோ ஒரு பிளாஸ்டிக் கரகரக்கிறது; எது என்று தெரியாமல் அவருக்கு அடுத்த கியர் விழாது. "கேக்குதா, கேக்குதா?" என்பார் பின்னால் இருக்கும் பிள்ளைகளிடம். "கேக்கல ஆன்ட்டி" என்று பதினேழு குரல் வரும்.

தம்போய் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது, வேனுக்கு இருபத்து மூன்று. டீயை நின்றபடிதான் குடிப்பார். சீரியல் பார்க்கும்போது ரிமோட்டின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். ஏர்கான் சிறகு, கையுறைப் பெட்டியின் கொக்கி என்று வேனுக்குள் அவர் ஒட்டாத பாகம் குறைவு.

போன புதன்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தட்டிய தட்டில், எல்லா மூலை விளக்கையும் சேர்த்து மினுக்கும் டபுள் சிக்னல் சுவிட்சைப் பிடித்திருந்த சட்டத்தின் இரண்டு காதுகளும் ஒடிந்தன. சுவிட்ச் ஒயரில் தொங்கியபடி மடியில் வந்து விழுந்தது. அன்று பதினொரு மணிக்கு வண்டிச் சோதனை. தேறாவிட்டால் மறுநாள் பிள்ளைகளை ஏற்ற முடியாது. குளுவாங்கிலுள்ள பழைய வண்டிச் சாமான் கடைக்குப் போன் போட்டார். "அடுத்த வாரம் பாக்கலாம்லா" என்றார்கள்.

வீட்டுப் போர்ச்சிலேயே வேலை தொடங்கியது. இரவு ஷிப்டு முடித்து வந்த கணவர் ஐயாசாமி பசை டியூபைக் கண்ணருகே பிடித்துப் படித்தார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் தொடாம விடணும்னு போட்டிருக்கு."

"அது வரைக்கும் தொடாம இருக்க நான் என்ன செலையா?"

புஷ்பவள்ளி ஒடிந்த காதைப் பொருத்தி ஒரு கோடு பசை விட்டார். டேஷ்போர்டுப் பிள்ளையாரின் காலடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதன்மேல் ஒரு சிட்டிகை தூவினார். மெல்லிய புகை எழுந்தது. பசை கல்லாக இறுகியது. முன்பொரு நாள் கை தவறிக் கொட்டியபோது தெரிந்துகொண்ட வித்தை இது.

"துன்னூறப் போயி பசையில கொட்டுறியே, புஷ்பா."

"சாமி இந்த வண்டியிலதான இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரட்டும்லா."

மறு காதையும் அப்படியே ஒட்டி, நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து மாட்டினார். ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் போதும். நாலு தடவை அழுத்தினார். நாலாவது அழுத்தலில் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"சுவிட்சு சத்தமா, ஒட்டினது விட்டுக்கிச்சா?"

"இன்னொரு தடவ அமுக்கு, தெரிஞ்சுரும்" என்றார் ஐயாசாமி. சிரிக்கவில்லை.

மணி பத்து இருபது. கழற்றிப் பார்க்க நேரமில்லை. வழியெல்லாம் சிவப்பு விளக்குகளில் இடது கையைத் தொடைக்கடியில் திணித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சோதனை நிலையத்தில் இளம் மலாய் அதிகாரி, கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஓடிய கோட்டை ஒரு கணம் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "காக், டபுள் சிக்னல்" என்றார், அக்கா முறை வைத்து.

புஷ்பவள்ளி இடது விரலால் மெதுவாக அழுத்தினார். விளக்குகள் மினுங்கின.

"சரி, நிறுத்துங்க." மறுபடி அழுத்தினார். அதே 'டிக்'. சுவிட்ச் அசையவில்லை.

அதிகாரி தாளில் குறித்துக்கொண்டு டயரைப் பார்க்கக் குனிந்துவிட்டார். புஷ்பவள்ளியின் வலது உள்ளங்கை மட்டும் சுவிட்சுக்குக் கீழே, விழுவதை ஏந்திக்கொள்ள, இன்னும் விரிந்தபடியே இருந்தது.