எட்டு பட்டன்களும் என் குரலும்

போன சனிக்கிழமை ஒரு பெண் என் குரலில் பேசினாள். அதுவும் மேடையில்!

எங்கள் ஸ்ரீவராகம் பேட்டையில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள் லலிதா. வயது இருபத்திரண்டு. மனவளர்ச்சி குறைவு, பேச்சு வராது. அவளுக்காக எங்கள் சங்கம் ஒரு பேசும் பெட்டி வாங்கியது. எட்டு பட்டன். ஒவ்வொன்றிலும் ஒரு படம். அமுக்கினால், பதிந்து வைத்த வார்த்தையைச் சொல்லும்.

எந்த எட்டு வார்த்தை? கமிட்டி போட்டோம். ஐந்து பேர், மூன்று கூட்டம், ஏகப்பட்ட பருப்பு வடை. வணக்கம், நன்றி, சந்தோஷம், அம்மா, தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், குட்மார்னிங். பதிவு செய்தது அடியேன். ரேடியோவில் இரண்டு தரம் பேசியவனாயிற்றே... விடுவேனா?

லலிதாவை யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. அவளுக்குத்தான் பேச்சு வராதே!

பெட்டி வழங்கும் விழாவில் சிறப்பு விருந்தினர் அவளுக்கு லட்டு ஊட்டினார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொன்று. அவள் முகத்தைத் திருப்பினாள், வெட்கம் என்றார்கள். மூன்றாவது லட்டு வந்தபோது பெட்டியைப் படபடவென்று அமுக்கினாள். "நன்றி... நன்றி... நன்றி..." என்று என் கட்டைக் குரல் முழங்கியது. அரங்கமே கைதட்டியது. அவள் கண்ணில் நீர். ஆனந்தக் கண்ணீராம் — மைக்கில் சொன்னார்கள். நானும் தட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

அவள் அம்மா மேடையேறி லட்டைத் துப்ப வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, வேண்டாம்னு ஒண்ணு போட்டுத் தரப்படாதா?"

பக்கத்தில் நின்ற செயலாளர், ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரி, முந்திக்கொண்டார்.

"அது வச்சா பின்னே எப்பவும் அதைத்தானே அமுக்கும், சாரே."

அமுக்கட்டுமே! நாம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம்? உதவி வாங்குகிறவர்கள் மறுக்கக் கூடாது என்று யார் வைத்த சட்டம்?

மறுநாளே அந்த அம்மா 'நன்றி'யை அழித்துவிட்டுத் தன் குரலில் 'வேண்டாம்' பதிந்துவிட்டாள். கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். லலிதா பெட்டியை மடியில் வைத்திருந்தாள். "கொடும்மா, சரியாப் பதிஞ்சிருக்கான்னு மாமா பார்க்கறேன்" என்று கையை நீட்டினேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே ஒரு தரம் அமுக்கினாள்.

"வேண்டாம்."

கமிட்டி கலைந்தது.