அண்ணி எழுப்பும் விதம்

தூங்குகிறவர்களை என் அண்ணி தொட்டு எழுப்பி நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. கட்டிலருகே போய் நிற்பார். வளையலைச் சற்றே ஆட்டுவார். கண் திறக்கும்வரை காத்திருப்பார். நர்ஸுகள் தங்கும் விடுதியில் பெண்களை ஷிஃப்டுக்கு எழுப்பிவிடுவதுதான் அவருக்கு வேலை. "கூவாத சேவல் வந்தாச்சு, எந்திரிங்கடி!" என்று போர்வைக்குள்ளிருந்தே கிண்டல் செய்வார்களாம்.

சின்ன வயதில் அவரை யாரோ தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, "உங்கம்மா போயிட்டா" என்றிருக்கிறார்கள். துணி மடிக்கும்போது ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து மடித்தார்.

போன வருஷம் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆபரேஷன் முடிந்தும் கண் திறக்கவில்லை. கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்த ஆங்கிலச் சொல்லைக் காட்டி, கல்லூரியில் படிக்கும் மகளிடம் அண்ணி கேட்டார்.

"ரவுஸ்னு போட்டிருக்கும்மா."

"உங்கப்பா பண்ணாத ரவுசா?"

"ஐயோ, இது எழுப்புறது. அடிக்கடி எழுப்பிப் பாக்கணுமாம்." மகள் கைப்பேசியில் தேடிப் படித்தாள். "அந்தக் காலத்துல வேட்டைப் பருந்து இறகைச் சிலிர்த்து உதறுறதுக்குச் சொன்ன வார்த்தையாம். அப்புறம் புதர்ல பதுங்கின மானைக் கலைச்சு விரட்டுறதுக்கு. தூங்குறவங்களை எழுப்புறதுக்கு வந்தது அதுக்கப்புறம்தான்."

"பருந்தை யாரும் உலுக்கலையே?"

"இல்லம்மா, அதுவே உதறிக்கும்."

"அப்ப உங்கப்பாவும் அவராவே உதறிக்கட்டும்."

அண்ணி வளையலை ஆட்டியபடி நின்றார். மறுநாளும் அப்படியே நின்றார். அந்த வார்டு நர்ஸ், அண்ணி தினமும் எழுப்பும் விடுதிப் பெண்களில் ஒருத்திதான். அவளுக்கே பொறுக்கவில்லை.

"அக்கா, இவர் எங்களை மாதிரி தூங்கல. வளையலுக்கெல்லாம் எந்திரிக்க மாட்டாரு. நாங்க கூப்பிட்டுப் பாத்துட்டோம். நீங்க உலுக்கிக் கூப்பிடுங்க, உங்க குரலுக்காவது வர்றாரான்னு பாப்போம்."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனின் தோள்களைப் பிடித்து உலுக்கினார். "ஏங்க! எந்திரிங்க!" அப்படியொரு குரல் அவருக்கு உண்டென்றே எனக்குத் தெரியாது.

அண்ணன் கண் திறந்தார். அண்ணியைப் பார்த்தார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஒளிந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவரைப் போல மிரண்டார்.

நல்ல அறிகுறி என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அண்ணி வெளியே வந்து சுவரில் சாய்ந்தார்.

"என்னைப் பாத்துப் பயந்துட்டாரு" என்றார்.

இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஊட்டினால் சாப்பிடுகிறார். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியவில்லை. மருந்துக்கு அவரை எழுப்புவது மகள்தான். அந்த நேரத்தில் அண்ணி அறைக்குள் இருப்பதில்லை.