இரவல் செற்றி

எங்கள் வறுமையைப் பார்க்க ஒருவர் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, பக்கத்து வீட்டில் சோபா செற்றி இரவல் கேட்டதுதான்.

எனக்குக் கம்பஸ் கிடைத்திருந்தது, பல்கலைக்கழகம். விஞ்ஞான பீடம், மலைநாட்டுப் பக்கம். எங்கள் ஒழுங்கையில் இருந்து கம்பஸ் போகும் முதல் ஆள் நான்தான் என்று மீன் வாங்கப் போன இடத்திலும் தண்ணீர் பில் கட்டப் போன இடத்திலும் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தார். போவதற்குத்தான் வழியில்லை. அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம் வகுப்புகள் தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரைக்கும் அங்கே தங்குவதற்கும் தின்பதற்கும் எங்கே போவது? அப்பா அடுத்தவரின் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கென்று இருந்த படகு இயந்திரம், மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் விலைப்பட்டுவிட்டது.

திரியாயில் இருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அக்கா ஒருத்திக்கு முந்தின வருடம் இடம் கிடைத்தது. காசில்லாமல் அவள் போகவில்லை. டவுனில் ஒரு துணிக்கடையில் சீலை மடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடை வந்தால் நான் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடப்பேன். அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று மாணவர்களுக்கு மாதாமாதம் உதவி செய்கிறது என்று ரீச்சர் சொன்னார். விண்ணப்பம் போட்டேன். சில கிழமைகளில் போன் வந்தது. ஆள் வந்து வீட்டைப் பார்ப்பாராம், வீடியோ எடுப்பாராம், அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். வருகிற சனிக்கிழமை வசதியா என்று கேட்டார்கள். வசதி இல்லை என்பதற்குத்தானே விண்ணப்பமே என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காட்டுவதற்குக் குறைவே இல்லை. ஓர்ஸ் ஹில் பக்கமிருந்து உள்துறைமுகக் கரைக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கைகளில் ஒன்றில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது. சுவர் பூசவில்லை. கூரை தகரம். சமைக்கிற குசினி வீட்டுக்குப் பின்னால், கிடுகு அடைத்த ஒரு கொட்டில். இதில் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டாலே போதும் என்று நினைத்தேன். அம்மா விட்டால்தானே.

"வாற ஆளை எங்க இருத்துறது? அந்த உடைஞ்ச கதிரையிலயோ?"

"அம்மா, எங்களிட்ட ஒண்டும் இல்லையெண்டு பாக்கத்தான் அவர் வாறார்."

"ஒண்டும் இல்லாததைப் பாக்க ஆர் பெற்றோல் அடிச்சுக்கொண்டு வருவாங்க? விசர்க் கதை கதையாத."

அம்மாவைக் குறை சொல்லவும் ஏலாது. எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க ஆள் வருவது என்றால் அது பெண் பார்க்க வருவதுதான். அப்போது ஒழுங்கையே சேர்ந்து அந்த வீட்டை நிரப்பும். ஒரு வீட்டுக் கதிரை, இன்னொரு வீட்டுக் கோப்பை, மூன்றாம் வீட்டுத் திரைச்சீலை. வந்தவர்களுக்கும் இது தெரியும், அவர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாவும் தன் பங்குக்குப் பல கலியாணங்களுக்குக் குத்துவிளக்கு கொடுத்தவர். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். எங்கள் வீட்டில் கூழ் எனக்கு வேண்டும், மீசை அம்மாவுக்கு வேண்டும்.

சனிக்கிழமை விடியவே செற்றி வந்தது. பக்கத்து வீட்டு அன்ரியின் புருசன் கட்டாரில் இருக்கிறார், அவர்கள் வீட்டில் எல்லாம் உண்டு. வாசல் படலையால் நுழையாததால் வேலிக் கம்பியைத் தாழ்த்தி அதற்கு மேலால் தூக்கி இறக்கினோம். கூடவே நிற்கும் ஃபான் ஒன்றும், சுவர் மணிக்கூடும், பூப்போட்ட கண்ணாடிக் கோப்பைகளும் வந்தன. அம்மா கட்டியிருந்த சீலையும் அன்ரியுடையதுதான். அப்பா அன்றைக்கு வேண்டுமென்றே கடலுக்குப் போனார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒளிக்காமல் சொன்னால், எனக்கும் அந்த வீடு பிடித்துவிட்டது. செற்றியில் இருந்து பார்த்தேன். ஃபான் காற்று முகத்தில் பட்டது. ஒரு சிநேகிதியைக்கூட நான் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. இப்படி ஒரு நாள் என்றால் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது. இதையெல்லாம் எடுத்து வையுங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

வந்தவர் மோட்டார்சைக்கிளில் வந்தார். இளம் ஆள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மடிப்புக் குலையாத சேட்டு. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவர் செற்றியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், வெளியே எட்டி வீட்டு இலக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அம்மா தட்டில் றோல்சும் கேக்கும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். பெரிய வீட்டுக்காரிபோலத்தான் வைத்தார்.

"சாப்பிடுங்கோ தம்பி. வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள்."

அவர் ஒரு றோலை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குறை நினைக்காதீங்கோ அம்மா. அங்க இருக்கிறவை வீடியோவில தெரியிறதைப் பாத்துத்தான் காசு குடுக்கிறவை. இந்தச் செற்றி, ஃபான் எல்லாம் தெரிஞ்சா, இவைக்கு வசதி இருக்கெண்டு சொல்லிப்போடுவினம். போன கிழமையும் ஒரு பிள்ளைக்கு அப்பிடித்தான் இல்லையெண்டு வந்தது."

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் எங்கடதான் தம்பி," என்றார் அம்மா. "கனகாலமாக் கிடக்கு."

வந்தவர் கையில் இருந்த றோலைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார். என் கண்ணுக்கு முன்னால் அந்தத் துணிக்கடைதான் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லை அண்ணா. இது ஒண்டும் எங்கட இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டுச் சாமான். அம்மா கட்டியிருக்கிற சீலையும்."

சீலையைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அதைச் சொல்லாமலே காரியம் நடந்திருக்கும். அம்மா முந்தானையை இழுத்து ஒருமுறை இடுப்பில் செருகினார், பிறகு அது தன்னுடையதல்ல என்பது நினைவு வந்ததுபோல மெதுவாக வெளியே எடுத்து விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தரை பிளந்து விழுங்காதா என்பார்களே, அன்றைக்கு உண்மையாகவே அப்படி வேண்டினேன்.

"அப்ப இதுகளை வெளியில எடுத்து வைப்பம்," என்றார் வந்தவர். அவருக்கும் முகம் சிவந்திருந்தது. செற்றியின் ஒரு தலைப்பை அவர் பிடித்தார், மற்றத் தலைப்பை நான் பிடித்தேன். நடு மத்தியானம். வேலிக் கம்பி தாழ்ந்தபடியே கிடந்தது. அன்ரி சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

"ஏன், அதுக்குள்ள ஆள் வந்திட்டுப் போயிட்டாரோ?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஆள் செற்றியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு நேர் முன்னால்தான் நின்றார். முன் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. கம்பஸ் போகும் முதல் ஆள் நான்தான் என்று அம்மா சொல்லி வைத்திருந்த அதே சனங்கள்தான்.

திரும்பி வந்தபோது அம்மா முன்னறையில் இல்லை. யாரும் சொல்லாமலே உள்ளே போய்ச் சீலையை மாற்றி, வீட்டில் போடும் வெளிறிப்போன பழைய சட்டையோடு வந்தார். அந்தச் சட்டையோடு அம்மா படலைக்குக்கூடப் போகமாட்டார். பாயை எடுத்துத் தரையில் விரித்துவிட்டு, "எதில இருக்கோணும் தம்பி?" என்று கேட்டார்.

அவர் எங்கள் இருவரையும் பூசாத சுவரோரம் இருத்தினார். குசினியைப் போய் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு போனை எங்களுக்கு நேரே பிடித்து, "சிரிக்க வேண்டாம்," என்றார் என்னிடம். நான் சிரிக்கவில்லை. பழக்கத்தில் வாய் அப்படி நின்றிருக்க வேண்டும். "அம்மா, இப்ப உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ."

அம்மா சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்னார். இயந்திரம் போனதைச் சொன்னார். மழைக்குத் தகரத்தின் எந்த ஓட்டைக்குக் கீழே எந்தச் சட்டியை வைப்பார் என்று சொன்னார். பிறகு குரலை மாற்றாமல், "தேருக்கு நான் கோயிலுக்குப் போறதில்லை. காலில வருத்தம் எண்டு சொல்லுவன். கால்ல ஒண்டும் இல்லை. கட்டுறதுக்குச் சீலை இல்லை," என்றார்.

ஒவ்வொரு தேருக்கும் அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் நான் கோயிலுக்குப் போவேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போவேன். போனுக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அழுதால் காசுக்காக அழுததாகிவிடும் என்று பயம். ஆனாலும் கண்ணீர் வந்துவிட்டது. அவர் போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து என் முகத்தையும் எடுத்தார்.

போகும்போது படலையடியில் நின்று சொன்னார்: "இது காணும் அம்மா. கட்டாயம் கிடைக்கும். வீடியோவைச் சங்கத்தின்ர இன்டர்நெட் பக்கத்தில போடுவினம், அதுக்கு மட்டும் ஒண்டும் சொல்லாதீங்கோ." அம்மா தலையை ஆட்டினார். மிஞ்சிய றோல்சைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் திணித்துத்தான் அனுப்பினார்.

மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடிவில் அடங்கியது. நான் பாயைச் சுருட்டினேன். அம்மா அன்ரியின் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். மானத்தை வாங்கிவிட்டாய் என்று இரண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேச்சுப்போட்டி முடிந்து மேடையால் இறங்கி ஓடிவந்து சின்ன வயதில் நான் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பேன். அதே கேள்வியை, கோப்பையில் இருந்து கண்ணை எடுக்காமல், அம்மா என்னிடம் கேட்டார்.

"மகள், நான் சரியாச் சொன்னனானா?"

"ஓம் அம்மா," என்றேன். "நல்லாச் சொன்னீங்கள்."