கத்தியைத் தொடக்கூடாத நாளில் மறையூருக்கு

ஆயுத பூஜையன்று காலை ஆறரை மணிக்கு நானும் என் மகள் தாரணியும் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். முந்தின நாள் மாலையே வீட்டில் பூஜை வைத்தாகிவிட்டது. மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் பாரை, அரிவாள், வெங்காயம் நறுக்கும் சின்னக் கத்தி வரை எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் படுத்திருந்தன. மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. அதனால் வழிக்குத் தயிர்சாதமும் பழைய ஊறுகாயும் மட்டும் கட்டிக்கொண்டேன். இவ்வளவு யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை என்பது மறையூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

தாரணிக்கு இருபத்து நான்கு வயது. பழைய கத்திகள் சேர்ப்பவள். பிச்சுவா, கட்டாரி, இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய உடைவாள் என்று அவள் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. ஆனி மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி எதையும் தூக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும், அந்தக் கை தண்ணீர் டம்ளரைத் தாண்டவில்லை. போன மாதம், பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.

"தூக்கிப் பாக்காம ஒரு கத்தி என்னன்னு எப்படிம்மா சொல்றது? இடது கைக்கு எடை தெரிய மாட்டீங்குது."

வீட்டில் கத்தி குறைந்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்தே போன் மணி அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அவள் எதைத் தூக்கினாலும் என் உள்ளங்கை தானாக அதற்கு அடியில் போய் நிற்கிறது. "உன் கை என்ன தாம்பாளமா?" என்று கேலி செய்வாள்.

இந்த நிலையில்தான் மறையூரிலிருந்து செல்வராசு என்பவர் கூப்பிட்டார். வெல்லம் காய்ச்சுகிறவர். தாரணி போனில் போடும் கத்திப் படங்களைப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டிலும் பழைய கத்தி ஒன்று உண்டு. அது படைவாள் என்பது அவர் கட்சி. வெறும் கரும்புக் கத்தி என்பது அவர் மனைவி பேச்சியம்மாள் கட்சி. கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சண்டை தீரவில்லையாம். தோற்றவர் வெல்லம் காய்ச்சும் பெரிய கொப்பரையைக் கழுவவேண்டும் என்பது பந்தயம். ஆயுத பூஜைக்குத்தான் அதைப் பரணிலிருந்து இறக்குவார்கள், அன்றைக்கே வாருங்கள் என்றார். "போலாமாம்மா?" என்றாள் தாரணி. விபத்துக்குப் பிறகு அவள் ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பொள்ளாச்சியில் பஸ் மாறி உடுமலைப்பேட்டை. அங்கே டீ பதினைந்து ரூபாய், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அமராவதியைத் தாண்டியதும் மலை, சின்னாறு சோதனைச் சாவடி, காய்ந்த முள்காடு, வளைவுக்கு மேல் வளைவு. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தாரணியின் முழங்கையையும் பிடித்திருந்தேன். கண்டக்டர் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க அம்மிணி, பஸ்ஸை நீங்க புடிச்சிருக்கீங்களா, பஸ்ஸு உங்களைப் புடிச்சிருக்குதுங்களா?" பஸ்ஸே சிரித்தது. தாரணியும்தான்.

பதினொரு மணி வாக்கில் மறையூர். முள்காடு முடிந்த இடத்தில் திடீரென்று பச்சைப்பசேல் என்று கரும்பு. ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து இறங்கினோம். பூஜை நாளானதால் வெல்ல ஆலையில் அடுப்பு அணைந்திருந்தது. ஆலைக்குள் ஒரு பலகையில் கரும்பு வெட்டும் கத்திகள் வரிசையாக இருந்தன. நடுவில் அந்தக் கத்தி, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அதன்மேல் விரல் கனத்துக்குச் சந்தனம். காட்டுச் சந்தனத்துக்கு அரசாங்கம் வேலி போட்டிருக்கும் ஊரில், கடையில் வாங்கிய தூளை அப்பியிருந்தார்கள்.

தாரணி குனிந்தாள். பேச்சியம்மாள் குறுக்கே வந்தார்.

"தாயி, பாக்கலாம். தொடப்பிடாது. நாளைக்குக் காலையில பூசை எடுத்த பிறகுதான்."

நானும் தாரணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீட்டில் வெங்காயக் கத்தியைக்கூடத் தொடாமல் கிளம்பியவர்களுக்கு, அடுத்தவர் வீட்டுக் கத்தியும் பூஜையில்தான் இருக்கும் என்று தோன்றவில்லை. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் நான்கு பேரும் சிரித்தோம். செல்வராசு மட்டும் மனைவியிடம் அசடு வழிந்தார். "பரணுல இருந்து இறக்குற நாளுன்னு வரச் சொல்லிட்டேன். தூக்கிப் பாத்துத்தான் சொல்லுவாங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்" என்றார்.

விடுமுறைக் கூட்டத்தில் விடுதிகள் நிறைந்துவிட்டன. அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். பொரியும் கடலையும் வெல்லமும் வந்துகொண்டே இருந்தன. தாரணி அன்று முழுவதும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிடி புதுசு, இரும்பு பழசு என்றாள். அதற்குமேல் சந்தனம் விடவில்லை.

விஜயதசமி காலை ஏழு மணிக்குக் கற்பூரம் காட்டி, ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார் செல்வராசு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் போலவே அங்கும் இல்லை. பலகையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். தாரணி எடுக்கவேண்டும்.

வலது கையை நீட்டினாள். என் கை கிளம்பியது. பேச்சியம்மாள் அதற்குள் ஒரு சுக்குக்காப்பி டம்ளரை என் இரண்டு கைக்குள்ளும் திணித்துவிட்டார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, கேட்கவில்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியில் மடக்கினாள். பலகையிலிருந்து தூக்கினாள். நேராக நீட்டிப் பிடித்தாள். முகம் மாறிவிட்டது.

"முனையில கனமே இல்லைங்க அங்கிள். கரும்புக் கத்தின்னா முன்னாடி இழுக்கோணும்."

"சொன்னேன்ல" என்றார் செல்வராசு.

"இருங்க." கத்தியின் முதுகையொட்டி ஓடிய பள்ளத்தைக் காட்டினாள். எடை குறைக்க வாளில் போடும் பள்ளம் அது, ரத்தம் வடிவதற்கல்ல. வாளில் அந்தப் பள்ளம் முனைக்கு முன்னாலேயே அடங்கிவிடும். இதில் முனைவரை ஓடி, பாதியில் அறுந்து நிற்கிறது. ஆக, இது நீளமான வாள்தான். யாரோ குறுக்கே வெட்டி, மரப்பிடி போட்டு, கரும்புக் கத்தி ஆக்கியிருக்கிறார்கள்.

பேச்சியம்மாள் நிமிர்ந்தார். "எங்க மாமனாரு கரும்பு வெட்ட இதைத் தவிர வேற கத்தியைத் தொட மாட்டாரு. கை வலிக்கலைம்பாரு. அப்ப ரெண்டு பேரு சொன்னதும் சரிதானே?"

"அப்பக் கொப்பரையை யாரு கழுவுறது?" என்றார் செல்வராசு.

இரண்டு பேரும்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கிளம்பும்போது இருவரும் உள்ளே இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னமும் வாதாடியபடி.

திரும்பும்போது சின்னாறு சாவடியில் பையில் எந்தா என்று காவலர் மலையாளத்தில் கேட்டார். "சர்க்கரை" என்றேன், அங்கே வெல்லத்துக்கு அதுதான் பேர். பேச்சியம்மாள் கொடுத்தனுப்பிய ஐந்து வெல்ல உருண்டைகளையும், சந்தனம் மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார். வளைவுகளில் தாரணி தன் கம்பியைத் தானே பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் இன்னொரு பெட்டிக்கு இடம் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

மூன்றரை மணிக்கு வீடு. என் வீட்டுக்காரர் திண்டாடிப் போயிருந்தார். "ரெண்டு நாளா ஓட்டல் சோறு. கத்தியெல்லாம் நீ வந்து எடுப்பேன்னு அப்படியே உட்டுட்டேன்."

எங்கள் பக்கத்து வெல்லம் கட்டியாக, தட்டினால் உடையும். மறையூர் உருண்டை கையால் பிடித்தது, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தாரணி சாமிக்குக் கற்பூரம் காட்டி, எல்லாவற்றிலும் கனமான அரிவாளை வலது கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, தாம்பாளம்" என்றாள்.

அலமாரியிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து உருண்டைக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டு வெங்காயம் எடுக்க உள்ளே போனேன். முதல் துண்டு விழுந்த சத்தம் அடுக்களை வரை கேட்டது.