திரும்பிப் போன வட்டிலப்பம்

வட்டிலப்பப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ஓட்டோவில் போயிருக்கிறீர்களா? அதுவும், தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுக்க? இந்த வருடப் பெருநாளன்று நான் போனேன்.

என் மனைவி சுகந்தி அரசாங்க மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் அதிகாரி. ரிஸ்வான் ஒரு மருந்துக் கம்பெனியில் விஞ்ஞானி. இருவரும் கம்பஸில் ஒரே பட்ச், ஒன்றாகப் படித்தவர்கள். பெருநாளுக்கு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவர் வீட்டில் அவிக்கும் வட்டிலப்பம் எங்களுக்கு வரும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம்.

இம்முறை சுகந்தி மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, இதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ.”

“உமக்கென்ன விசரே? பெருநாள் சாப்பாட்டைத் திருப்பிக் குடுக்கிறதோ?”

“அவன்ர கொம்பனிக் காய்ச்சல் சிரப் என்ர மேசையில கிடக்குது. ரிசல்ட் எழுதி முடியுமட்டும் ஃபோனும் இல்லை, வட்டிலப்பமும் இல்லை.”

எனக்குக் கோபம்தான். ஒரு கரண்டி வட்டிலப்பத்தில் அரசாங்கம் கவிழ்ந்துவிடுமா? இத்தனை வருடச் சிநேகிதம் போய்விடுமே...

ரிஸ்வானின் மனைவிதான் பாத்திரத்தை வாங்கினார். கனம் தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டார். நான் நிலத்தைப் பார்த்தபடி காரணத்தைச் சொன்னேன். ரிஸ்வான் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

“நேத்துத்தான் எங்கட மனேஜர் சொன்னாரு, ‘உங்கட பட்ச்மேட்தானே, ஒரு ஃபோன் கோல் எடுத்துப் பேசுங்க’ண்டு. அவகிட்ட அது சரிவராதுண்டு சொன்னேன், நம்பல்ல. இனி நம்புவாரு. நீங்க உக்காருங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க.”

சிரப் பாஸாகவில்லை. சுகந்தி அதை அப்படியே எழுதினாள். எழுதிய அன்று அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ரிஸ்வான் கோபித்துக்கொண்டாரா? இல்லை. தேடித் துருவி, ஒரு மூலப்பொருள் தரமில்லாமல் வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். மனேஜரோடு மல்லுக்கட்டி, செய்த மருந்து முழுவதையும் கொட்டவைத்தார். புதிதாகச் செய்தது பாஸானது.

பாஸ் என்ற கடிதம் கம்பெனிக்குப் போன பிறகு சுகந்தி எடுத்த முதல் கோல் — “டேய் ரிஸ்வான், எங்கையடா என்ர வட்டிலப்பம்?”

இந்த ஊரில் எந்த அலுவலுக்கும் முதலில் கேட்பது, “அங்க தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கோ?” என்றுதான். நானும் கேட்கிறவன்தான். தெரிந்த ஆள் இருந்தும் கேட்காத ஒருவரும், கேட்டாலும் மசியாத ஒருத்தியும் என் வீட்டு மேசையில் ஒன்றாக உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவர்களிடமே சொல்லிவிட்டேன்.

போன வாரம் சின்ன மகளுக்குக் காய்ச்சல். டொக்டர் எழுதியது அதே சிரப். எந்தக் கம்பெனி, நல்லதா, கெட்டதா என்று பார்மசிக்காரரைக் குடைந்தெடுக்கிற ஆள் நான்...

அன்று அளவை மட்டும் பார்த்து ஊற்றிக் கொடுத்தேன்.